டாங்கிள் சுடுகிறது: ஃபேன் வைத்தால் ரிசப்ஷன் கூடுமா?

கேள்வி (2025 ஏப்ரல் 27, இரவு 9.40)

விமானங்கள் அனுப்பும் 1090 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பிடிக்க ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) ஒன்றையும் ராஸ்பெர்ரி பை கணினியையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன். மதியம் பெட்டியைத் திறந்து டாங்கிளைத் தொட்டால் கையை உடனே எடுக்க வேண்டியிருக்கிறது. பகல் 12 மணியிலிருந்து 4 மணி வரை விமானங்களும் பாதிக்குப் பாதிதான் தெரிகின்றன. சூடுதான் காரணமா? ஃபேன் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஊர் சேலம்.

பதில் (ஏப்ரல் 27, இரவு 11.05)

வைத்துவிடுங்கள். நான் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. பழைய கணினியிலிருந்து கழற்றிய 40 மில்லிமீட்டர் ஃபேன், 5 வோல்ட். அதற்கு முன் என் திரையில் ஒரே நேரத்தில் 60 விமானங்களைத் தாண்டியதில்லை. வைத்த மறுநாளே 85. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஏப்ரல் 28, காலை 7.20

நேற்று தூக்கக் கலக்கத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டேன். கொஞ்சம் விவரம்.

டாங்கிள் சுமார் 300 மில்லிஆம்பியர் இழுக்கிறது. 5 வோல்ட்டில் அது ஒன்றரை வாட். கட்டைவிரல் அளவுப் பொருளுக்கு ஒன்றரை வாட் என்பது அதிகம். உள்ளே இரண்டு சிப்புகள். சிறியது டியூனர், ஆர்820டி. பெரியது ஆர்டிஎல்2832யூ, டியூனர் தருவதை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவது. இரண்டும் டிவி பார்ப்பதற்காகச் செய்தவை. 2012-இல் இதிலிருந்து சிக்னலை அப்படியே பச்சையாக உருவிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்ததால்தான் நம் மாடிக்கு வந்து சேர்ந்தது. நம் ஊரில் இதை வைத்து தூர்தர்ஷன்கூடப் பார்க்க முடியாது. இதற்குப் புரிவது டிவிபி-டி என்கிற பழைய ஒளிபரப்பு முறை, தூர்தர்ஷன் அனுப்புவது டிவிபி-டி2. நாற்பது வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவன், டிவி தெரியாத டிவிப் பொருளுக்குப் பின்னால் அலைகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

உலோக உறை போட்ட டாங்கிள் கையைச் சுட்டால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் சூட்டை உறை வெளியே எடுத்து வருகிறது என்று பொருள். பிளாஸ்டிக் உறை கையில் மிதமாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே சிப் வெந்துகொண்டிருக்கும். தொட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஏப்ரல் 29, மாலை 6.15

கோவைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஃபேன் வைத்த அன்று வேறு எதையும் மாற்றவில்லையா?"

மாற்றவில்லை. மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா இது? ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, இரவு 10.50

தம்பி, மன்னிக்கவும்.

கோபம் அடங்கியபின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 2023 ஜூன் மாதப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: "ஃபேன் வைத்தாச்சு. இடம் இல்லை. டாங்கிள் வெளியே. 3 மீ யூஎஸ்பி வயர்." மறந்தே போனேன். ஃபேன் பெட்டிக்குள் அடங்கவில்லை என்பதால் டாங்கிளை உருவி, நீள வயர் போட்டு, ஃபேனோடு தனிப் பெட்டியில் வைத்து, ஆண்டெனாக் கம்பத்தின் அடியில் கட்டினேன். அதனால் இரண்டு நடந்திருக்கின்றன. ராஸ்பெர்ரி பை கக்குகிற இரைச்சலிலிருந்து டாங்கிள் 3 மீட்டர் தள்ளிப் போயிற்று. கம்பத்துக்கு அருகே போனதால் ஆண்டெனா வயர் 15 மீட்டரிலிருந்து 2 மீட்டர் ஆயிற்று. கேபிள் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 வயர் 15 மீட்டர் நீளத்துக்கு அந்த அதிர்வெண்ணில் சுமார் 3 டெசிபெல்லைத் தின்றுவிடும். அதாவது வந்த சக்தியில் பாதி.

60 எப்படி 85 ஆயிற்று என்பது இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. ஃபேனுக்கு அதில் பங்கு உண்டா என்றே தெரியவில்லை. சேலத்துக்காரர் அவசரப்பட்டு வாங்கிவிட்டாரோ என்னவோ, ஆளைக் காணோம்.

மே 5, காலை 8.00

நேற்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மதுரையில் சோதனைக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. ஆனால் நான் 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டேன்.

டாங்கிளை இருந்த இடத்திலேயே விட்டேன். ஃபேனுக்குத் தனி சார்ஜர், தனி டைமர். முதல் நாள் ஒற்றைப்படை மணிகளில் ஓடும், இரட்டைப்படை மணிகளில் நிற்கும். மறுநாள் தலைகீழ். நான்கு நாட்கள். டாங்கிள் உறையில் ஒட்டிய தெர்மாமீட்டர் மதியத்தில் ஃபேன் ஓடும்போது 44 டிகிரி, ஓடாதபோது 61 டிகிரி காட்டியது. 17 டிகிரி வித்தியாசம் என்பது சின்ன விஷயம் இல்லை.

விமானங்கள் அனுப்பிய சிக்னல்களில் எத்தனை வந்து சேர்ந்தன என்று கூட்டிப் பார்த்தேன். ஃபேன் ஓடிய மணிகளுக்கும் நின்ற மணிகளுக்கும் நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபாடு இல்லை. மூன்று முறை கூட்டினேன். மூன்றாவது முறை, வேறுபாடு வர வேண்டும் என்ற ஆசையில்.

வராது என்பதற்குக் கணக்கும் இருக்கிறது, முதலிலேயே போட்டிருக்கலாம். ரிசீவரின் சொந்த இரைச்சல் வெப்பநிலையோடு ஏறி இறங்கும் என்பது சரிதான். ஆனால் அந்த வெப்பநிலையைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து எண்ணக் கூடாது, மைனஸ் 273 டிகிரியிலிருந்து தொடங்கும் கெல்வினில் எண்ண வேண்டும். 57 டிகிரி என்பது 330 கெல்வின். 27 டிகிரிக்கு இறக்கினால் 300 கெல்வின். நமக்கு அது அடுப்புக்கும் நிழலுக்கும் உள்ள தூரம். சிப்புக்குப் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆண்டெனா வழியே வரும் இரைச்சலையும் சேர்த்து உத்தேசமாகப் பார்த்தால் லாபம் கால் டெசிபெல்லுக்கும் கீழே. ஆர்ஜி-6 வயரில் ஒரு மீட்டரை வெட்டிப் போட்டாலே அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

விமானத்துக்கு அடிவானம் என்கிற சுவர் வேறு இருக்கிறது. 35,000 அடியில் பறப்பது சுமார் 420 கிலோமீட்டர் வரைதான் நேர்ப்பார்வையில் இருக்கும். கொழும்புக்கு இறங்குகிற விமானம் கட்டுநாயக்காவைத் தொடும் முன்பே என் திரையிலிருந்து மறைந்துவிடும். டாங்கிளைப் பனிக்கட்டிக்குள் புதைத்தாலும் பூமி தட்டையாகாது.

மே 6, மதியம் 1.30

ஒரு சின்னக் கணக்கு, மாடியில் நின்றபோது தோன்றியது. டாங்கிள் தருவது ஒன்றரை வாட். பெட்டியின் மேல் மூடி 20 சென்டிமீட்டருக்கு 15. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் கொட்டுகிறது. மூடி கறுப்பாக இருந்தால் அதன்மேல் மட்டும் 25 வாட்டுக்கு மேல் இறங்கும். நாம் ஒன்றரை வாட்டுக்கு ஃபேன் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் வடக்குப் பக்க நிழலுக்கு நகர்த்தினேன். கைப்பிடிச் சுவரில் சாய்த்து மேலே ஒரு பழைய ஓடு. ஃபேன் இல்லாமலேயே 61 என்பது 49 ஆயிற்று. செலவு ஒன்றுமில்லை.

மே 8, இரவு 9.10

டாங்கிளை மண்பானையோடு கட்டிக் குளிரவைக்கலாம் என்று நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு: செய்துவிட்டேன்.

வீட்டில் விளிம்பு உடைந்த பானை ஒன்று இருந்தது. மணல் பரப்பி, அதில் பானை, அதில் தண்ணீர். டாங்கிளை அலுமினியப் பெட்டியில் போட்டுப் பானையின் வயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். வெளியே 39 டிகிரி அடித்த மதியத்தில் பெட்டிக்குள் 33. மின்சாரம் இல்லாமல், சத்தம் இல்லாமல். காற்று உலர்ந்திருக்கிற ஊரில்தான் இது நடக்கும். சென்னையில் காற்றே ஈரத்துணி, பானை பாவம் என்ன செய்யும்.

விமானம் கூடியதா? இல்லை. ஆனால் காகங்கள் கூடின.

மே 11, காலை 10.25

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் வந்து நியாயமான சண்டை போட்டிருக்கிறார். அவர் பிடிப்பது கப்பல்கள் அனுப்பும் சிக்னல். "உங்கள் விமானத்துக்குச் சூடு பொருட்டில்லை சார். மதியமானால் எனக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

அவர் சொல்வது சரி. நான் பேசியது என் மாடியைப் பற்றி மட்டும்.

டாங்கிளுக்குள் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கிறது. டியூன் செய்வதெல்லாம் அதை வைத்துத்தான். மலிவு டாங்கிளில் சாதாரணக் கிரிஸ்டல், சூடேறினால் நகரும். மொத்தப் பிசகு பத்து லட்சத்தில் 40, 50 பங்கு என்றுகூட இருக்கும். அதைத்தான் பிபிஎம் என்கிறோம். 1090 மெகாஹெர்ட்ஸில் 50 பிபிஎம் என்பது 54 கிலோஹெர்ட்ஸ். விமானத்துக்கு நாம் திறந்து வைக்கும் வாசல் 2 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் அகலம். 54 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வந்தாலும் வாசலுக்குள்தான் வரும். கப்பல்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் ஏஐஎஸ் சேனல்கள் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொன்றும் 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சந்து. அங்கே 50 பிபிஎம் என்றால் 8 கிலோஹெர்ட்ஸ். சந்தில் 8 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நின்றால் தோள் சுவரில் இடிக்கத்தான் செய்யும்.

அதனால் அவருக்குச் சூடு பிரச்சினைதான். ஆனால் எந்தச் சூடு? காலையில் 35, மதியம் 60 என்று ஏறி இறங்குகிற சூடு. நாள் முழுக்க 55-லேயே நின்றால் ஒருமுறை பிபிஎம் திருத்தம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். போட்டு இருபது நிமிடம் கழித்து, சூடேறி நிலைத்த பிறகு திருத்தம் பாருங்கள். பக்கத்து 2ஜி செல்போன் கோபுரத்தை அளவுகோலாக வைத்துப் பிசகைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள் இருக்கிறது.

இவர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? 50 டிகிரி ஆனால் ஓடி, 42 ஆனால் நிற்கிற ஃபேன் வைத்திருக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரிஸ்டலுக்குக் குளிர் காய்ச்சல். ஃபேனைக் கழற்றச் சொன்னேன்.

இதை எழுதும்போது அப்பாவின் வால்வு ரேடியோ நினைவுக்கு வருகிறது. இலங்கை வானொலி கேட்க ஐந்து நிமிடம் முன்பே போட்டு வைப்பார். முதலில் பிடித்த இடத்தில் பாட்டு நிற்காது, மெல்ல நழுவும். பெட்டி சூடேறியபின் முள்ளை ஒரு மயிரிழை திருப்பிவிட்டால் இரவு வரை அசையாது. யாராவது அந்த நேரத்தில் டேபிள் ஃபேனை ரேடியோ பக்கம் திருப்பிவிட்டால் வீட்டில் ரகளைதான்.

மே 12, காலை 6.40

தூத்துக்குடிக்காரர் ஃபேனைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றித் தெர்மாகோல் ஒட்டிவிட்டார்! நான் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. ஆனால் கப்பல்கள் மறையவில்லையாம். அடுத்த டாங்கிள் வாங்கும்போது டிசிஎக்ஸ்ஓ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சார். வெப்பத்துக்கு ஏற்பத் தன்னையே திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல் அது. ஒரு பிபிஎம் என்று போட்டிருப்பார்கள். உங்கள் அதிர்வெண்ணில் அது 162 ஹெர்ட்ஸ்தான், கப்பலுக்கே தெரியாது. தெர்மாகோலைப் பிரித்து மீன் பெட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

மே 18, இரவு 11.30

இதுவரை "சூடு பெரிய விஷயமில்லை" என்ற பக்கமே சாய்ந்துகொண்டிருந்தேன். இந்த வாரம் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேபிள் டிவி காலத்து 6 அடி வலை டிஷ் ஒன்று துரு பிடித்துக் கிடந்தது. அதைத் துடைத்து ஜிகே-2ஏ என்கிற கொரிய வானிலை செயற்கைக்கோளை நோக்கித் திருப்பினேன். கிழக்கு தீர்க்கரேகை 128.2 டிகிரியில் நிற்கிறது. மதுரையிலிருந்து கிழக்குக்குச் சற்றே தெற்கில், சுமார் 32 டிகிரி உயரத்தில். பத்து நிமிடத்துக்கு ஒரு பூமிப் படம். நாம் அதன் இடது ஓரத்தில் தொங்கிக்கொண்டிருப்போம். அதிர்வெண் 1692.14 மெகாஹெர்ட்ஸ். பழைய பிளாஸ்டிக் உறை டாங்கிளைத்தான் மாட்டினேன்.

காலை 7 மணிக்கு அருமையாக வந்தது. 10.40-க்கு நின்றது. காற்றில் டிஷ் அசைந்திருக்கும் என்று மாடிக்குப் போய்த் திருகினேன். வரவில்லை. இறங்கி வந்து சாப்பிட்டு மறுபடி ஏறினேன். கீழிருந்து வீட்டம்மா, "மாலையில் தானாக வந்துவிடும், நேற்றும் அப்படித்தானே ஆயிற்று?" என்றார். நேற்றும் அப்படித்தான் ஆயிற்று என்பதை அவர் சொல்லித்தான் கவனித்தேன்.

திரையில் பார்த்தால் "பிஎல்எல் நாட் லாக்டு" என்று வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. டியூனர் தனக்குச் சொன்ன அதிர்வெண்ணில் பிடித்து நிற்க முடியவில்லை என்று அதுவே அழுகிறது, நான் டிஷ்ஷைத் திருகிக்கொண்டிருக்கிறேன்.

டிவிப் பெட்டியில் சூடேறினால் மட்டும் வருகிற கோளாறை எங்கள் பட்டறையில் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு பாகமாகத் தொட்டு வருவது. எதைத் தொட்டதும் படம் திரும்புகிறதோ அதுதான் திருடன். டாங்கிளின் உறையைப் பிரித்தேன். முதலில் பெரிய சிப்பைத் தொட்டேன், ஸ்பிரிட் சுர்ரென்று காய்ந்தது, திரையில் மாற்றமில்லை. கிரிஸ்டல், மாற்றமில்லை. சின்னச் சிப், ஆர்820டி2. பஞ்சை வைத்து மூன்று எண்ணுவதற்குள் அழுகை நின்றது. இரைச்சல் மேட்டின் நடுவில் சிக்னலின் கூம்பு எழுந்து நின்றது. பஞ்சு காய்ந்தது, மறுபடி போயிற்று. நனைத்தேன், வந்தது. ஐந்தாறு முறை செய்தேன். முதல் இரண்டு சோதனைக்கு, மீதி சந்தோஷத்துக்கு.

விமானத்துக்கு வராத வியாதி இதற்கு மட்டும் ஏன் என்று தேடியதில் டியூனரை இயக்கும் மென்பொருளிலேயே விடை இருக்கிறது. சிப்புக்குள் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரை அது 1770-இலிருந்து 3540 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஓட்டுகிறது. அதை இரண்டு, நான்கு, எட்டு என்று ஏதாவதொன்றால் வகுத்துத்தான் நமக்கு வேண்டிய இடத்துக்கு வரும். 1090-க்கு ஆசிலேட்டர் 2190-க்குப் பக்கத்தில் ஓடினால் போதும், நடு வீட்டில் உட்கார்ந்த மாதிரி. 1692-க்கு 3390-இல் ஓட வேண்டும். கூரைக்கு ஒரு முழம் கீழே. சூடு ஏற ஏற ஆசிலேட்டர் எட்டும் உச்சம் இறங்கிக்கொண்டே வரும். கூரை இறங்கி வந்து தலையில் இடிக்கிறது, அவ்வளவுதான். 1500 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே போகிறவர்கள்தான் இந்த டியூனரின் சூட்டைப் பற்றி அதிகம் புலம்புகிறார்கள், காரணம் இதுதான்.

ஆக, 1692-இல் குளிர்ச்சி என்பது கால் டெசிபெல் கதை இல்லை. உண்டு, அல்லது இல்லை.

மே 19, காலை 7.00

திருத்தம் ஒன்று. நேற்று தனிச்செய்தியில் ஒருவரிடம் "சிப்பின் தலையில் ஹீட் சிங்க் ஒட்டுங்கள்" என்று சொன்னேன், சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகத் துண்டு அது. அதைவிட நல்ல இடம் போர்டின் முதுகு. இந்தச் சிப்புகளின் வயிற்றில் ஒரு உலோகத் தகடு இருக்கிறது, அது போர்டின் தரைத் தாமிரத்தோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சூடு இறங்குவது அந்த வழியாக. மேலே இருப்பது வெறும் பிளாஸ்டிக் முதுகு. நல்ல டாங்கிள்களில் போர்டுக்கும் அலுமினிய உறைக்கும் நடுவே ரப்பர் மாதிரி ஒரு பேட் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அலுமினியத் துண்டை நேராக வைக்காதீர்கள். போர்டின் முதுகிலும் ஊசிமுனைப் பற்றவைப்புகள் உண்டு, ஷார்ட் ஆகிவிடும். மின்சாரம் கடத்தாத பேட் வேண்டும். நான் சொன்னதைக் கேட்டு யாராவது எரித்துக்கொண்டீர்களா என்று தெரிவியுங்கள். தெரிவித்தால் பணம் தர மாட்டேன், வருத்தப்படுவேன்.

மே 19, இரவு 8.45

பேட், பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெட்டிய அலுமினியம், நிழல். மூன்றும் சேர்ந்ததும் இன்று முழுக்க லாக் விடவில்லை. ஃபேன் இல்லை.

ஃபேனை வேண்டுமென்றே தவிர்த்தேன். வானிலைப் படத்துக்காக 137 மெகாஹெர்ட்ஸைப் பார்க்கும்போது அந்த ஃபேன் ஓடினால் திரையில் சீப்புப் பல் போலச் சம இடைவெளியில் கோடுகள் விழுகின்றன. மலிவு ஃபேனுக்குள் இருக்கும் மின்சுற்றின் வேலை. டாங்கிளும் அதுவும் ஒரே 5 வோல்ட் லைனில் இருந்தால் இன்னும் மோசம். இரண்டு வருடமாக அந்தக் கோடுகளுக்குப் பக்கத்து வீட்டு எல்இடி பல்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மே 26, மாலை 5.10

கேரளத்தில் 24-ஆம் தேதியே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. எங்கள் பக்கமும் மேகம். அடுத்த வெயில் வரை சோதனைக்கு விடுமுறை.

பெட்டியைத் திறந்தபோது டாங்கிளின் கதகதப்பான பக்கத்தில் எறும்புக் கூட்டம், வெள்ளையாக முட்டைகளோடு. குளிர்விப்பதைப் பற்றி ஒரு மாதமாக நாம் பேசுகிறோம், அவை கதகதப்பைத் தேடி வந்து குடியேறிவிட்டன. வயர் நுழையும் துளையை மெழுகால் அடைத்தேன்.

டாங்கிளை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைக்கலாமா என்று யாரோ கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வெளியே எடுத்த நிமிடமே போர்டு முழுக்க வியர்க்கும். ஆர்வக்கோளாறில் ஒரு மலிவு டாங்கிளை வைத்து எடுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்.

ஜூன் 3, இரவு 10.00

கோவைத் தம்பி மறுபடி: "ரேடியோ டெலஸ்கோப்களில் திரவ ஹீலியம் ஊற்றிக் குளிரவைக்கிறார்களே அண்ணா, குளிர்ச்சியால் லாபம் இல்லையென்றால் அவர்கள் ஏன் செய்கிறார்கள்?"

நல்ல கேள்வி. இந்த முறை கோபப்படவில்லை.

அவர்கள் 330-ஐ 300 ஆக்குவதில்லை. 300-ஐ 4 ஆக்குகிறார்கள், அல்லது 15, 20 ஆக்குகிறார்கள். அதோடு அவர்கள் பார்க்கும் அதிர்வெண்ணில் வானம் அமைதியாக இருக்கும். 1964-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவின் ஹோம்டெலில் 4080 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டார்கள். ரிசீவரின் முதல் ஆம்ப்ளிஃபயர் ஹீலியத்தில் கிடந்தது. அவ்வளவு குளிரவைத்த பிறகுதான் எங்கிருந்து என்று புரியாமல் மூன்றரை கெல்வின் மிச்சம் நின்றது. பிரபஞ்சம் பிறந்த காலத்துச் சூட்டின் மிச்சம் அது, நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. நம் டாங்கிளின் சொந்த இரைச்சலே 300 கெல்வினுக்கு மேல். அதில் மூன்றரை எங்கே தெரியப் போகிறது?

137 மெகாஹெர்ட்ஸிலோ வானமே சந்தைக்கடை. நம் பால்வீதியின் இரைச்சலே பல நூறு கெல்வின். அங்கே ரிசீவரைக் குளிரவைப்பது மீன் மார்க்கெட்டில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தின் சத்தத்தைக் குறைப்பது மாதிரி.

தம்பி டாங்கிளை ஊட்டிக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறாராம். முத்தொரையில் அரை கிலோமீட்டர் நீள டெலஸ்கோப் 1970-இலிருந்து மலைச்சரிவில் படுத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வரட்டும். அது ஊட்டிக்குப் போனது குளிருக்காக இல்லை. பூமத்தியரேகைக்கு அருகே இருப்பதால் அந்தச் சரிவும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒரே அளவு. சரிவே டெலஸ்கோப்பின் அச்சாகிவிட்டது.

ஜூன் 8, காலை 9.15

அமெரிக்க வானிலை செயற்கைக்கோள் நோவா-18 போய்விட்டது. 6-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள். 137.9125-இல் இனி ஒன்றும் வராது. 2005-இல் ஏவியது. நான் பிடித்த முதல் படம் அதிலிருந்துதான். பாதிப் படம் கோடு கோடாக, ஓரத்தில் இலங்கை மட்டும் தெளிவாக. தலைப்புக்குச் சம்பந்தமில்லை, எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 13, மாலை 7.30

சேலத்துக்காரர் திரும்பி வந்திருக்கிறார்! இரண்டரை மாதம் எங்கே போனீர்கள் என்று கேட்டால், "நீங்கள் சொன்ன மறுநாளே ஃபேன் வாங்கி வைத்துவிட்டேன் சார், பிரச்சினை தீர்ந்துவிட்டது, அதனால் வரவில்லை" என்கிறார். மதியத்திலும் விமானங்கள் குறையவில்லையாம்.

இங்கே நான் பானை, ஸ்பிரிட், ஹீலியம் என்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ஃபேன் பெட்டியின் மூடியில் இருக்கிறது. டாங்கிள் மூலையில், காற்று அதன் பக்கம் போகவே இல்லை. காற்று நேராக விழுவது ராஸ்பெர்ரி பை மேல். ஃபேனை நிறுத்திவிட்டு மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கணினியின் வெப்பநிலையைப் பார்க்கச் சொன்னேன். 83 டிகிரி. 80-ஐத் தொட்டால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாங்கிள் விநாடிக்கு 24 லட்சம் மாதிரிகளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, வாங்குகிற கை தளர்ந்தால் சிதறத்தான் செய்யும். விமானங்கள் காற்றில் இருந்தன, ஆண்டெனாவில் இருந்தன, டாங்கிளில்கூட இருந்தன. கணினியில் கீழே விழுந்தன.

ஏப்ரல் 27-ஆம் தேதி நான் சொன்ன "வைத்துவிடுங்கள்" சரியான விடை. காரணம் மட்டும் முழுக்கத் தப்பு. பட்டறையில் இப்படி எத்தனை பெட்டிகளைத் தேற்றி அனுப்பினேனோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

ஜூலை 14, காலை 6.55

இரவு தூக்கம் வரவில்லை. என் ராஸ்பெர்ரி பை வெப்பநிலையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். 71. அதற்கு மேல் ஒரு அலுமினியத் துண்டு வைத்தேன், 62. மதியம் மறுபடி பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 24, மாலை 6.20

நோவா-19-ஐ 13-ஆம் தேதியும் நோவா-15-ஐ 19-ஆம் தேதியும் நிறுத்திவிட்டார்கள். 15 ஏவப்பட்டது 1998-இல். கடைசிச் சில வருடங்கள் படம் அவ்வப்போது கிழிந்து கிழிந்துதான் வந்தது, ஆனால் வந்தது.

137 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவைக் கழற்றவில்லை. ரஷ்யாவின் மீட்டியோர் வானிலை செயற்கைக்கோள்கள் இரண்டு இன்னும் அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. டாங்கிள்கள் இரண்டும் ஓட்டு நிழலில். ஃபேன் மேசை இழுப்பறையில், சேலத்துக்காரருடையது கெட்டுப் போனால் அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பானை மாடியிலேயே இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், காகங்கள் பழகிவிட்டன.